மகாராணி விழுங்கிய ஏழாவது அடி

ஜனவரி 9

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் நன்றாக இல்லை. அது எப்போதும் எங்களோடு சேராது, தனிக்கட்சி. நீயும் நன்றாக இருப்பதாக அம்மா சொன்னாள். போன மாதம் உன்னைப் பார்த்துவிட்டு வந்தவள், "நல்லாத்தான் இருக்கா, கொஞ்சம் இளைச்சிருக்கா" என்றாள். நீ பிறந்ததிலிருந்து இதையேதான் சொல்கிறாள். இருபத்தாறு வருஷமாக இளைத்துக்கொண்டே வந்திருந்தால் இந்நேரம் உன்னை ஊசியில் கோத்திருக்கலாம்.

என்னடா இது, கடிதம் என்று பார்ப்பாய். போனில் பேசினால் நான் குறுக்கே பேசுவேன், நீ வைத்துவிடுவாய். "எழுதுங்க. எழுதினாலாவது அவ பேசி முடிக்கிற வரைக்கும் சும்மா இருப்பீங்க" என்றாள் அம்மா. எட்டாம் வகுப்போடு பேனாவை மூடியவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் "தண்ணீர் ஒரு லோடு, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து" மட்டும்தான். இதையும் அந்தச் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். கண்டுகொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் கடைசியில் ஏரிக்கரை மைதானத்தில் மூன்று நாள் திறந்தவெளி இசை விழா. நாட்டுப்புறப் பாட்டுக் குழுக்கள் வாசிக்குமாம். பிறகு எல்லாக் குழுவும் கலந்து அவரவருக்குத் தோன்றியதை வாசிப்பார்களாம், அதற்கு ஜாம் என்று பேர். ரொட்டியில் தடவுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த ஜாம். அங்கே தண்ணீர் ஊற்ற நம் மகாராணியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆமாம், அதே டேங்கர் லாரிதான், அதே பச்சை. வயது கூடிவிட்டது, திமிர் குறையவில்லை.

விழா ஆபீசில் குழுக்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. எட்டாவது பேர் "பஞ்சர் கடை". பஞ்சர் கடைக்குப் பின்னால் ஒத்திகை பார்த்தால் அதையே பேராக வைத்துவிடுவதா என்று நீ குழு ஆரம்பித்த அன்றைக்கே நான் கேட்டேன். இப்போது பட்டியலில் பார்த்தபோது நல்ல பேராகத்தான் தெரிந்தது.

சத்தியமாக, பட்டியலைப் பார்த்த பிறகுதான் நீ வருவது எனக்குத் தெரியும். "இனிமே நான் வாசிக்கிற இடத்துக்கு வராதீங்கப்பா" என்று நீ சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அதை நான் மீறவில்லை. போன வருஷம் பக்கத்துத் தெரு மண்டபத்தில் நீங்கள் வாசித்தபோதுகூட, சத்தம் காதில் விழக்கூடாது என்று சலூனில் போய் உட்கார்ந்தேன். வெட்டி முடித்துவிட்டார், நீங்கள் முடிக்கவில்லை. மறுபடி வெட்டச் சொன்னேன். ஒரே மாலையில் இரண்டு தடவை முடிவெட்டிக்கொண்டவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதனால் கேட்கிறேன். தண்ணீர் ஊற்ற வரட்டுமா? வேண்டாம் என்றால் வேறு டேங்கர்காரரிடம் விட்டுவிடுகிறேன். எனக்கு வருத்தமே இல்லை. (இருக்கும். கொஞ்சம்தான்.)

உன்,
அப்பா


ஜனவரி 20

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பின்பக்கத்தில் பல் ஆஸ்பத்திரிக்கு இரண்டு லோடு ஊற்றியிருக்கிறீர்கள்.

வேலைக்கு வருகிறவரை வராதே என்று சொல்ல நான் யார்? வாருங்கள். ஆனால் டேங்கரை விட்டு மேடைப் பக்கம் வராதீர்கள். நான் உங்கள் மகள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாக, கை தட்டாதீர்கள். எல்லாரும் தட்டும்போதுகூட.

கோபத்தில் எழுதவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேரில் சொன்னால் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள், சொல்ல வந்தது போய்விடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மண்டபத்தில் நடந்த பதிவுக்காக நாங்கள் எத்தனை மாதம் உழைத்தோம் என்று உங்களுக்குத் தெரியும். வானொலிக்கு அனுப்ப வேண்டிய பதிவு. கடைசியில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். எட்டு எண்ணுகிற நேரம் முழு அமைதி. பிறகு நான் மட்டும் வயலினில் கடைசி வரியை எடுக்க வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் நீங்கள் எழுந்து கை தட்டி, "எம் பொண்ணு!" என்று கத்தினீர்கள். மண்டபமே எழுந்து தட்டியது. அந்தக் கடைசி வரியை நான் வாசிக்கவே இல்லை. மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்க வந்துவிட்டார். அப்படியே அனுப்பினோம், திரும்பி வந்தது.

தட்டியதை அன்றைக்கே மன்னித்துவிட்டேன் அப்பா. மனசாரத்தான் தட்டினீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தீர்கள். கல்யாண வீட்டில் சொன்னீர்கள். தண்ணீர் ஊற்றப் போன இடத்தில் எல்லாம் சொன்னீர்கள். மேடையில் நான் முழித்த முழியை எனக்கு எதிரிலேயே நடித்துக் காட்டினீர்கள். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஒரே ஒரு தடவைகூட நீங்கள் "தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லவில்லை.

அம்மாவிடம் நான் இளைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

மகள்


பிப்ரவரி 1

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மகாராணியின் சீட்டில் உட்கார்ந்து படித்தேன். தொட்டி நிறைந்து வழிந்ததுகூடத் தெரியவில்லை. வீட்டுக்கார அம்மா வந்து ஜன்னலைத் தட்டி, "என்னங்க, எங்க வீட்டுல நீச்சல் குளமா கட்டறீங்க?" என்று கேட்ட பிறகுதான் இறங்கினேன்.

பதில் எழுத உட்கார்ந்து மூன்று சீட்டைக் கிழித்துவிட்டேன். நீ கேட்டதைத்தான் எழுத நினைக்கிறேன். இரண்டாவது வரியிலேயே ஒரு கிண்டல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சைக்கிளின் கேரியரில் கேட்காமலே ஏறி உட்காருவார்களே, அந்த மாதிரி. பார், இதோ ஒன்று ஏறிவிட்டது. ஆகவே அதை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. கிண்டல் இல்லாமல் எழுத வருகிற அன்றைக்கு எழுதுகிறேன். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

நீ சொன்னதை எல்லாம் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். பயிற்சிகூட ஆரம்பித்துவிட்டேன். சாப்பிடும்போது அம்மா ஏதாவது பேசி முடித்தால், மனசுக்குள் எட்டு எண்ணிய பிறகுதான் நான் வாயைத் திறக்க வேண்டும். மூன்றில் வாய் தன்னால் திறக்கிறது. அம்மா கரண்டியைத் தூக்குகிறாள். இப்போது ஐந்து வரை வந்திருக்கிறேன். இதில் ஒரு அதிசயம். நான் சும்மா இருந்தால் அம்மா இன்னும் கொஞ்சம் பேசுகிறாள். முடித்துவிட்டாள் என்று நான் நினைத்த இடத்தில் முடிக்கவே இல்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் கழித்து, அவளுக்கு என் அக்காவைப் பிடிக்காது என்று நேற்றைக்குத்தான் தெரிந்தது.

விழா மைதானத்தின் வரைபடம் கொடுத்தார்கள். மகாராணி நிற்கிற இடம் இரண்டாவது மேடைக்கு நேர் பின்னால். நடுவில் ஒரு படுதாதான். நீங்கள் அந்த மேடையில், கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு. இதை நான் கேட்டு வாங்கவில்லை. அங்கேதான் குழாய் வரிசை இருக்கிறது.

உன்,
அப்பா


பிப்ரவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

அத்தை விஷயம் எனக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரியும்.

நீங்கள் மூன்று சீட்டு கிழித்ததாக எழுதியதை நெட்டைக்கும் சுருட்டைக்கும் படித்துக் காட்டினேன். நெட்டை எங்கள் கிதார்காரன், கதவு நிலையில் தினமும் இடித்துக்கொள்வான். சுருட்டை டிரம்ஸ், அவள் தலைமுடிக்குள் குச்சியைச் செருகி வைத்துவிட்டு அறை முழுக்கத் தேடுவாள். "உங்க அப்பாவை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். "உனக்குப் பிடிக்கும், உன் பதிவில அவர் கத்தலியே" என்றேன். "என் பதிவும்தானேடி அது" என்றாள். அது சரிதான். மூன்று வருஷமாக நான் மட்டும்தான் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன் போலிருக்கிறது.

மேடைக்கு நேர் பின்னால் என்று எழுதியிருந்தீர்கள். மகாராணியின் பம்ப் இன்ஜின் இன்னும் அப்படித்தான் ஓடுகிறதா? அது ஓடினால் எங்கள் மைக் எல்லாவற்றிலும் ஏறும். அதைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தில் வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

மகள்


பிப்ரவரி 26

அன்பு மகளுக்கு,

நீ நேரில் சொல்கிற வரைக்கும் காத்திருக்கிற அளவுக்கு அப்பா மண்டு இல்லை. பாதி சொன்னால் மீதியைப் புரிந்துகொள்வேன். பம்ப் வேலை முடிந்தது!

நம் ஆயில் மாமாவின் பட்டறையில் நான்கு நாள் மகாராணி படுத்துக் கிடந்தாள். பம்ப் இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார். நாசில் புதுசு, ஸ்பிரிங் புதுசு, சைலன்சர் புதுசு. ஆறு தடவை டுக் டுக் என்று அடித்துவிட்டு ஏழாவதை விழுங்கித் தொலைக்குமே, பதினெட்டு வருஷமாக என் மானத்தை வாங்கிய அந்த நொண்டி, அது போயே போய்விட்டது. இப்போது பக்கத்தில் நின்றால்தான் ஓடுவதே தெரிகிறது. சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற பூனை மாதிரி இருக்கிறது. உன் மைக்கில் இனி ஒரு ஈ சத்தம்கூட ஏறாது.

இனி நான் எழுத வேண்டியது. இந்தப் பத்தியில் சிரிப்பு கிடையாது.

நீ அன்றைக்கு வாசித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. நான் கெடுத்துவிட்டேன் என்பது உன் முகத்தைப் பார்த்த அந்த நிமிஷமே தெரிந்தது. தெரிந்ததால்தான் வெளியே வந்ததும் முதல் ஆளாக நானே சிரித்தேன். நானே சிரித்துவிட்டால் வேறு யாரும் என்னைத் திட்ட மாட்டார்கள் என்று நினைத்தேன். உன்னைப் பார்த்தும் ஊரைச் சிரிக்கவிட்டேன். நீ சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. தப்பு பண்ணிவிட்டேன். கை தட்டியது ஒரு தப்பு. அதைக் கதையாகச் சொல்லித் திரிந்தது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னித்துக்கொள்.

இதை எழுத ஒரே ஒரு சீட்டுதான் ஆனது.

உன்,
அப்பா


மார்ச் 3

அப்பா!

என்ன காரியம் பண்ணினீர்கள்!

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பாதியைப் படித்து அழுதேன். முதல் பாதியைப் படித்தும் அழுதேன், வேறு காரணத்துக்கு. எந்தப் பாதிக்கு முதலில் பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

இரண்டாம் பாதிக்கு: சரி அப்பா. போதும். அது முடிந்தது.

முதல் பாதிக்கு: அந்தப் பம்ப் சத்தம் எனக்கு வேண்டும் என்று கேட்கத்தான் இருந்தேன்!

பள்ளிக்கூடம் விட்டதும் என்னை மகாராணியில் ஏற்றிக்கொண்டு போவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் பின்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள், நான் முன்னால் உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்கு வாய்ப்பாடு சொல்வேன். ஆறு அடிக்கும், ஏழாவதில் மூச்சை இழுத்துக்கொள்வேன். மறுபடி ஆறு. எங்கள் குழு கடைசியாக வாசிக்கிற பாட்டுக்கே "தொட்டி நிறையுது" என்றுதான் பேர். நான் போட்ட மெட்டு. ஆறு அடி, ஒரு வெற்றிடம். போகிற ஊரில் எல்லாம் கேட்கிறார்கள், இந்தத் தாளத்தை எங்கே பிடித்தாய் என்று. இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் மேல் கோபமாக இருந்துகொண்டே உங்கள் பம்ப்பை வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

நாங்கள் போட்ட திட்டம் இது. கடைசிப் பாட்டுக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் சும்மா நிற்போம். படுதாவுக்குப் பின்னால் மகாராணி தனியாக ஓடுவாள். அவள் மேல் ஒரு மைக். அந்தத் தாளத்தில் நாங்கள் ஒவ்வொருவராக ஏறுவோம்.

பழைய சாமான்களைத் திரும்ப மாட்ட முடியுமா? ஆயில் மாமாவிடம் கேளுங்கள்.

மகள்


மார்ச் 8

அன்பு மகளுக்கு,

கேட்டேன். ஸ்பேனரை என் மேல் வீசாமல் இருந்தது பெரிய விஷயம்.

"நாப்பது வருஷமா பட்டறை வெச்சிருக்கேன். ரிப்பேர் பண்ணிக் குடுன்னு வந்தவன் இருக்கான். நல்லா ஓடுறதை நொண்டியாக்கிக் குடுன்னு வந்தவன் நீ ஒருத்தன்தான்யா" என்றார். பழைய நாசிலும் ஸ்பிரிங்கும் அன்றைக்கே பழைய இரும்போடு போய்விட்டன. இருந்தாலும் மனசு கேட்காமல், ஒரு பழைய ஸ்பிரிங்கை எங்கேயோ தேடி எடுத்து மாட்டிப் பார்த்தார். நான்கில் விழுங்குகிறது, ஒன்பதில் விழுங்குகிறது, ஒருமுறை மொத்தமாக விழுங்கிவிட்டு நின்றே போனது. ஆறுக்கு வரவே இல்லை. பதினெட்டு வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று திட்டியபோது கூடவே இருந்தது. வேண்டும் என்று கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறது.

"எப்படித்தான்யா ஓடிச்சு அது?" என்று சலித்துக்கொண்டார். "இப்படி மாமா" என்று மகாராணியின் வயிற்றில் உள்ளங்கையால் தட்டிக் காட்டினேன். "அதான் நீயே ஓடுறியே, அப்புறம் எதுக்கு இன்ஜின்?" என்று கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சிரிப்புக்காக எழுதினேன். வேறு ஒன்றும் இல்லை. உன் திட்டத்தைக் கெடுத்துவிட்டேன், இரண்டாவது தடவை. மன்னித்துக்கொள். இந்தத் தடவை உடனே சொல்லிவிட்டேன், அதையாவது பார்.

உன்,
அப்பா


மார்ச் 12

அப்பா,

நேரம் இல்லை, வண்டி கிளம்புகிறது.

தட்டுங்கள். நீங்களேதான். கை தட்டாதீர்கள் என்று சொன்னவள் நான்தான், மகாராணியைத் தட்டுவதற்கு மட்டும் விலக்கு. சவுண்டுக்காரரிடம் சொல்லி மைக் வைக்கச் சொல்கிறேன். நீங்கள் ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் வருவோம். பாட்டு முழுக்க நிறுத்தாதீர்கள்.

ஆறு. ஏழாவதில் விடுங்கள். பெருமை வந்தாலும் விடுங்கள். யாராவது கத்தினாலும் விடுங்கள். அந்த ஏழாவதில்தான் நான் மூச்சு விடுகிறேன்.

எல்லா வாத்தியமும் நின்றால் நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

மகள்


மார்ச் 28

அன்பு மகளுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். படுதாவுக்கு அந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் நடந்ததை யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

முதல் இரண்டு நாளும் குழாய் வரிசையோடு சரி. பிள்ளைகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வந்தவர்கள், காலில் செருப்பில்லாமல் ஆடிவிட்டுச் சேற்றோடு வந்தவர்கள் என்று எல்லாரும் மகாராணியிடம்தான் கால் கழுவினார்கள். சாயங்காலம் மரத்தடியில் ஜாம் நடக்கும். யார் யாரோ உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒருவர் ஆரம்பிக்கிறார், இன்னொருவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு இடம் பார்த்து நுழைகிறார். எனக்கு அதில் பிடித்தது அந்தக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான். பெரிய பெரிய வித்வான்கள்கூட பாதி நேரம் வாத்தியத்தை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். யாரும் கரண்டியைத் தூக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு சிக்கல். தொட்டி முழுக்கத் தண்ணீர் இருந்தால் தட்டினால் செத்த சத்தம் வருகிறது. காலியாக இருந்தால் தகர டப்பா. ஊற்றி ஊற்றிப் பார்த்து, கால் தொட்டி இருந்தால்தான் பழைய பம்ப் மாதிரி அடிவயிற்றிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தேன். நான்கு மணிக்கெல்லாம் மீதியை மைதானத்து மரங்களுக்கு விட்டுவிட்டேன். இந்த வருஷம் அந்த மரங்கள் என் பேர் சொல்லும்.

சவுண்டுக்காரர் மைக்கோடு வந்தார். "சார், நீங்க என்ன வாசிக்கறீங்க?"

"பத்தாயிரம் லிட்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவே இல்லை. குறித்துக்கொண்டு போனார்.

ஐந்தே முக்காலுக்குப் படுதாவின் ஓரத்தில் சுருட்டையின் தலை தெரிந்தது. "அங்கிள், இப்போ" என்றாள். தட்டினேன். ஆறு, விட்டேன். ஆறு, விட்டேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஒருவர்கூட இருமவில்லை. மூன்றாவது சுற்றில் நெட்டையின் கிதார் வந்தது. பிறகு டிரம்ஸ். பிறகு நீ.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நீ வந்ததும் ஏழாவதில் என் கை தானாக எழுந்துவிட்டது. அடிக்கத்தான் போனது. பாதி வழியில் நிறுத்தி, காற்றிலேயே பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கேட்டேன். அந்த வெற்றிடத்தில் உன் வில் மட்டும் ஒரு இழுப்பு இழுக்கிறது. நான் அடித்திருந்தால் அது யாருக்கும் கேட்டிருக்காது. பதினெட்டு வருஷம் அந்த ஏழாவதை ஓட்டை என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லாம் நின்றது. நானும் நிறுத்தினேன். பாட்டு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. மண்டபத்தில் இருந்த அதே ஆள். எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. மூன்று வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து மேலே உட்கார்ந்துகொண்டேன். நான்கு, ஐந்து. வீட்டில் நான் வந்த தூரம் அவ்வளவுதான். ஆறு, ஏழு, எட்டு.

உன் வயலின்.

அன்றைக்கு மண்டபத்தில் நீ வாசிக்காமல் விட்ட அந்தக் கடைசி வரி இப்படித்தான் இருக்குமா? மூன்று வருஷமாக ஊர் முழுக்க அந்தக் கதையைச் சொன்னேன். கதையின் கடைசி வரி எனக்கே தெரியாது.

எல்லாரும் எழுந்து தட்டினார்கள். மைதானமே அதிர்ந்தது. நான் தட்டவில்லை. மகாராணிக்கு மட்டும்தானே விலக்குக் கொடுத்திருந்தாய்.

அப்புறம் நீ படுதாவைத் தள்ளிக்கொண்டு வந்தாய். நின்றாய். நானும் நின்றேன். எத்தனை எண்ணினோம் என்று தெரியவில்லை, எட்டுக்கு மேலேயே இருக்கும். "தண்ணி வேணும்பா" என்றாய். ஒரு டேங்கரையே வைத்திருக்கிறவனிடம் அந்த நேரம் ஒரு டம்ளர் இல்லை. குழாயில் கையை ஏந்திக் குடித்தாய், சின்ன வயசில் குடிப்பது மாதிரியே, சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு. மைக்கை எடுக்க வந்த சவுண்டுக்காரர், "இவர் யாருங்க? நல்லா தட்டுறாரே" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, நீ பார்த்தாய்.

"எங்கப்பா" என்றாய்.

இதை டீக்கடையில் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா என்று உன்னைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

அம்மா நீ இளைத்திருப்பதாகச் சொல்கிறாள்.

உன்,
அப்பா


ஏப்ரல் 6

அன்புள்ள அப்பா,

சொல்லுங்கள். டீக்கடையில், கல்யாண வீட்டில், பல் ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் சொல்லுங்கள். என் முழியையும் நடித்துக் காட்டுங்கள். ஆனால் கடைசி வரி வரைக்கும் சொல்ல வேண்டும்.

நீங்கள் தட்டவில்லை என்பதைக் கவனித்தேன். அத்தனை சத்தத்திலும் படுதாவுக்குப் பின்னால் ஒரு இடத்தில் மட்டும் சத்தம் இல்லை. அங்கேதான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்து நேராக வந்தேன்.

சவுண்டுக்காரர் அன்றைக்கு முழுவதையும் பதிவு செய்திருக்கிறார். எட்டு எண்ணிக்கையும் சுத்தமாக இருக்கிறது. வாசித்தவர்கள் பட்டியலில் நெட்டை, சுருட்டை, நான், அப்புறம் "தொட்டி: அப்பா" என்று போட்டிருக்கிறோம். பத்தாயிரம் லிட்டர் என்று போடத்தான் சவுண்டுக்காரர் சொன்னார்.

அடுத்த மாதம் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துத் திடலில் வாசிக்கிறோம். முன்வரிசையில் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், அம்மாவுக்கும் உங்களுக்கும். கை தட்டலாம். எப்போது என்று நான் தலையாட்டுகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுகிறேன். எனக்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது. நடுநடுவே கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன் அப்பா. அப்போது நான் வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்,
வாலு